ஜெர்மனில் விலையைக் கேட்டுவிடலாம், சொல்லும் பதில்தான் காதில் நிற்பதில்லை

மல்லிகைப்பந்தல் (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். கணவர் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். குடும்ப விசாவுக்காக ஏ1 என்கிற தொடக்கநிலை ஜெர்மன் தேர்வு எழுத வேண்டும், வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறேன். இலக்கணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. "வாஸ் கோஸ்டெட் டாஸ்?" என்று விலை கேட்பதில் எனக்குச் சிக்கலே இல்லை. அதற்குக் கடைக்காரர் சொல்லும் விலைதான் ஓடிப்போய்விடுகிறது. "ஃபியர் ஒய்ரோ", அதாவது நாலு யூரோ, அதுவரை கேட்கிறது. பின்னால் வரும் சில்லறை எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி தொடங்கிவிடுகிறது.

விலையைக் காதால் பிடிக்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? அங்கே கடைகளில் நிஜமாகவே பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான் சொல்கிறார்களா, இல்லை வேறு மாதிரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

வாங்க, நம்ம ஊருக்கு வரப்போகிறீர்கள், மகிழ்ச்சி.

விலை எப்படி எழுதப்படுகிறது என்பதை முதலில் கண்ணுக்குப் பழக்கிவிடுங்கள். இங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 4,79 என்று எழுதி அதற்குப் பிறகு யூரோ குறி போடுவார்கள். புள்ளி வந்தால் அது ஆயிரத்தைப் பிரிக்க. 1.299,00 என்று மடிக்கணினிமேல் ஒட்டியிருந்தால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது யூரோ. சில்லறை இல்லாத விலையை 5,– என்று கோடு இழுத்து முடித்துவிடுவார்கள்.

இப்போது 4,79ஐ எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் "ஃபியர் ஒய்ரோ நொய்ன்-உண்ட்-ஸீப்ட்ஸிஷ்". கடையில் பெரும்பாலும் "ஃபியர் நொய்ன்-உண்ட்-ஸீப்ட்ஸிஷ்", அவ்வளவுதான். நடுவில் இருக்கிற யூரோ போய்விடும். உங்களுக்கு யூரோதான் எல்லைக்கல்லாக இருந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் இன்னும் குழப்பும், அதனால் இப்போதே இரண்டு வடிவத்தையும் கேட்டுப் பழகுங்கள். "ஸென்ட்" என்ற சொல் ஒரு யூரோவுக்குக் கீழே இருந்தால்தான் ஒழுங்காக வரும்: 0,79 என்றால் "நொய்ன்-உண்ட்-ஸீப்ட்ஸிஷ் ஸென்ட்". 3,05 மாதிரி விலையில் மட்டும் யூரோவை விடமாட்டார்கள், "ட்ரை ஒய்ரோ ஃப்யூன்ஃப்" என்பார்கள்.

நமக்குத் தடுக்கி விழும் இடம் 79. தமிழில் எழுபது முதலில், ஒன்பது பிறகு. இங்கே ஒன்பதும் எழுபதும். 21 முதல் 99 வரை எல்லாம் இப்படித்தான், 30, 40 போன்ற முழுப் பத்துகள் தவிர.

ஒரு நல்ல செய்தி. சூப்பர்மார்க்கெட்டில் பெரும்பாலான விலை 9இல் முடியும்: 29, 49, 79, 99. அதனால் சில்லறைப் பகுதி "நொய்ன்-உண்ட்" என்றே தொடங்கும். அதைக் கேட்டதும் ஒன்பதை விட்டுவிட்டுப் பின்னால் வரும் பத்தை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். வேலை பாதியாகக் குறையும். கல்லாவில் மொத்தத் தொகை மட்டும் எதில் வேண்டுமானாலும் முடியும், அதற்கு இந்த வழி உதவாது.

இன்னொன்று: இந்தப் பக்கத்தில் கடைசி ஒலி "இஷ்" என்று வராது, "இக்" என்று வரும். "ட்ஸ்வன்ட்ஸிக்", "ட்ரைஸிக்". தேர்வு ஒலிப்பதிவில் "இஷ்" கேட்கும். இரண்டும் ஒன்றுதான்.

---

இசார்குமரன் (மியூனிக்)

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கல்லாவில் திரை இருக்கிறது, தொகை அதில் பளிச்சென்று தெரியும். கார்டை வைத்தால் வேலை முடிந்தது. தேர்வுக்காகப் படியுங்கள், சரி. வந்த பிறகு இதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்த நேரத்தில் வேறு நாலு வாக்கியம் படிக்கலாம்.

---

ஊரெழுக்காரி (ஹம்)

குமரன் தம்பி, சூப்பர்மார்க்கெட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. பேக்கரிக்குச் சரிவராது. நான் இங்கே பல வருசம் பேக்கரியில் நின்று பாண் விற்ற ஆள், அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கடையில் தொகை காட்டும் சின்னத் திரை இருந்தது. அதற்கு முன்னால் எப்போதும் கேக் தட்டோ, பண்டிகைக் காலத்துப் பெட்டியோ இருக்கும். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற சனம் வரிசையாக நிற்கும். யாரும் திரையைப் பார்ப்பதில்லை, நாங்கள் வாயால் சொல்வோம், அவர்கள் காசை வைப்பார்கள். அதோடு இந்த நாட்டுச் சனம் இன்னும் காசுதான் கூடப் பாவிக்கிறது. மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க் 2023இல் எடுத்த கணக்கில், பணம் கொடுத்த தடவைகளில் 51 வீதம் ரொக்கம்.

தங்கச்சி, உமக்கு ஒரு விசயம் சொல்கிறேன். விலைக்கு முன்னால் நாங்கள் சும்மா சில சொற்களைப் போடுவோம்:

"டாஸ் மஹ்ட் டன்..."
"டாஸ் வேரன்..."
"இஷ் பெகோமெ டன்..."
"டா வேரன் விர் பை..."

நாலும் ஒரே வேலைதான் செய்யும்: இப்போது தொகை வரப்போகிறது. இதைக் கேட்டு என்ன சொல்கிறார் என்று மூளையைப் போட்டு உடைக்க வேண்டாம். இது வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தது இலக்கம். புதிதாக வந்த ஆக்கள் இந்த முன்சொல்லில் நின்றுவிடுவார்கள், அதற்குள் இலக்கம் போய்விடும். நான் நாள்தோறும் பார்த்தது இது.

பிறகு இங்கே வெஸ்ட்ஃபாலியாப் பக்கம் 50ஐ "ஃபுஃப்ட்ஸிஷ்" என்று கெதியாகச் சொல்வோம். "ட்ரை ஃபுஃப்ட்ஸிஷ்" என்றால் 3,50. போனில் 2ஐ "ட்ஸ்வோ" என்பார்கள், ட்ஸ்வை ட்ரையோடு குழம்பாமல் இருக்க.

காசு கொடுக்கும்போது "ஹாபன் ஸீஸ் பாஸென்ட்?" என்று கேட்டால் சரியான சில்லறையாகத் தருவீரா என்று அர்த்தம். "ஹாபன் ஸீஸ் க்ளைன்?" என்றாலும் அதே. இல்லாவிட்டால் "லைடர் நிஷ்ட்" என்று சொன்னால் போதும், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

---

மல்லிகைப்பந்தல்

ரொம்ப நன்றி அக்கா! அந்த நாலு முன்சொற்களில் "டாஸ் மஹ்ட்" மட்டும்தான் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. மற்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

"வாஸ் கோஸ்டெட்" கேட்பதற்கும் "வாஸ் மஹ்ட் டாஸ்" கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா?

---

உப்பிலிபாளையம் (கோவை)

இருக்கிறது. ஒரு பொருளைக் காட்டி அதன் விலையைக் கேட்டால் "வாஸ் கோஸ்டெட்". எல்லாம் எடுத்து வைத்த பிறகு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் "வாஸ் மஹ்ட் டாஸ்". நம் ஊர்க் கடையிலும் "இது என்ன விலை" என்பதும் "எவ்வளவு ஆச்சு" என்பதும் தனித்தனியாகத்தானே வருகிறது.

நான் இங்கே ஜெர்மன் சொல்லித்தருகிறேன். விலைப் பாடத்தில் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பொருள் பன்மையானால் வினை மாறும். ஒரு சட்டைக்கு "கோஸ்டெட்", காலணிகளுக்கு "கோஸ்டன்". பேச்சுத் தேர்வில் இதைக் கவனிப்பார்கள். ஆனால் யூரோ பன்மை ஆகாது. பத்து யூரோவும் "ட்ஸேன் ஒய்ரோ"தான். அப்புறம், "கோஸ்டன்" இரண்டாம் வேற்றுமை கேட்கும் வினை, ஆகவே ஒரு யூரோ விலை என்றால் "எஸ் கோஸ்டெட் ஐனன் ஒய்ரோ". வெறும் 1,20 என்று சொல்லும்போது "ஐன்ஸ் ட்ஸ்வன்ட்ஸிஷ்". "ஐன்ஸ் ஒய்ரோ" என்று மட்டும் எப்போதும் சொல்லிவிடாதீர்கள்.

கேட்பதில் உண்மையான ஆபத்து 13க்கும் 30க்கும், 15க்கும் 50க்கும் நடுவில்தான் இருக்கிறது. அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில்தான் விழுகிறது, அதனால் அழுத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கடைசியில் "ட்ஸேன்" என்று நீள்கிறதா, "ட்ஸிஷ்" என்று சட்டென்று நிற்கிறதா என்பது ஒன்றுதான் அடையாளம். 30 மட்டும் விதிவிலக்கு, அது "ட்ரைஸிஷ்". 13 "ட்ரைட்ஸேன்".

ஏ1 தேர்வின் கேட்டல் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோதே நிறுவனத் தேர்வு என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் பகுதியில் ஆறு சிறு உரையாடல், ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும், மூன்று படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலைக் கேள்வி இங்கே வர வாய்ப்பு அதிகம். இரண்டாம் பகுதியில் அறிவிப்புகள் ஒரே முறைதான். மூன்றாவது, தொலைபேசிச் செய்திகள், மறுபடி இரண்டு முறை. விலைக் கேள்வியில் ஒரே தொகை மட்டும் சொல்லப்படும் என்று நினைக்காதீர்கள். பழைய விலையும் குறைத்த விலையும் அடுத்தடுத்து வரலாம். "ஷ்டாட்" என்ற சொல்லுக்குப் பிறகு வருவது பழையது, "நுவர்" அல்லது "யெட்ஸ்ட்" என்பதற்குப் பிறகு வருவது இப்போதைய விலை.

---

ஆஹன்மாணவன் (ஆஹன்)

அக்கா, நான் செய்தது இது. "ஃபியர்-உண்ட்" என்று காதில் விழுந்ததுமே தாளில் ஒரு இடம் விட்டு 4 எழுதிவிடுவேன். அடுத்து "ஆஹ்ட்ஸிஷ்" வந்ததும் முன்னால் 8 போடுவேன். யோசிக்கவே வேண்டாம், வருகிற வரிசையில் எழுதினால் போதும். தேர்வில் நன்றாகவே வேலை செய்தது.

---

உப்பிலிபாளையம்

தம்பி, தேர்வு அறையில் தாளும் பேனாவும் இருக்கும், சரி. நான் அதை என் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. தாளில் இடம்விட்டு எழுதலாம், கைபேசியில் இடம்விட்டுத் தட்ட முடியாது. யாரோ சொல்லும் தொகையை வங்கிச் செயலியில் அடிக்கும்போது 84 என்பது 48 ஆகிவிடும். ஜெர்மானியர்களுக்கே இது நடக்கிறது, இலக்கம் இடம் மாறுவதற்கு "ட்ஸாலன்ட்ரேயர்" என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். போஹும் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த லோதார் கெரிட்ஸன் இதற்காகவே 2004இல் ஒரு சங்கம் தொடங்கினார். 21ஐ "ட்ஸ்வன்ட்ஸிஷ்-ஐன்ஸ்" என்று, அதாவது நாம் தமிழில் சொல்வதுபோல் இருபத்தொன்று என்றே சொல்லவும் அனுமதிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சங்கத்தின் பெயரும் "ட்ஸ்வன்ட்ஸிஷ்-ஐன்ஸ்"தான். நாட்டில் வழக்கம் மாறவில்லை.

என் வழி: எண்ணைப் பிரிக்காமல் ஒரே சொல்லாக ஏற்றிக்கொள்வது. "நொய்ன்-உண்ட்-நொய்ன்ட்ஸிஷ்" என்ற ஓசை வந்ததும் 99 கண்முன் நிற்க வேண்டும், ஒன்பது கூட்டல் தொண்ணூறு என்று உள்ளே கணக்கு ஓடக்கூடாது. அதற்கு ஒலியும் இலக்கமும் சேர்ந்து திரும்பத் திரும்ப வர வேண்டும். விலைகளைத் தாளில் எழுதுங்கள், வாய்விட்டுப் படித்து உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள், மறுநாள் தாளைப் பார்க்காமல் கேட்டு எழுதுங்கள். சொந்தக் குரலாக இருந்தாலும் ஒரு இரவு கழிந்தால் நினைவிருக்காது. ஒரு வாரத்துக்குப் பிறகு வேகத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

---

ஆஹன்மாணவன்

ஐயா, செயலியில் அடிக்கும் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் என் வழிதான் சீக்கிரம் கைகொடுக்கும் என்று இன்னும் நினைக்கிறேன். மல்லிகை அக்காவுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

---

மல்லிகைப்பந்தல்

இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால் ஐயா சொன்ன மாதிரி பதிவு செய்து பார்க்கிறேன்.

சந்தை பற்றி யாராவது சொல்லுங்களேன். சனிக்கிழமை சந்தைக்குப் போவதாகக் கணவர் சொல்வார், அங்கே திரையெல்லாம் இருக்காதாமே.

---

எல்பேவாணி (ட்ரெஸ்டன்)

சந்தை பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

முதலில் கரும்பலகை. காய்கறிக்காரர் சுண்ணக்கட்டியால் கையால் எழுதியிருப்பார். அவர்கள் 1 எழுதும்போது மேலே ஏறும் கோட்டை நீளமாக இழுப்பார்கள். நம் கண்ணுக்கு அது 7 மாதிரியே இருக்கும். அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். ஆகவே குறுக்குக்கோடு இல்லையென்றால் அது 1. தக்காளி 7,80 போட்டிருக்கிறதே என்று நகர்ந்து போய்விடாதீர்கள், அது 1,80ஆக இருக்கும்.

விலைக்குப் பக்கத்தில் அலகு இருக்கும், அதையும் பாருங்கள். கிலோவா, "ஷ்ட்யுக்" என்று ஒன்றின் விலையா, கீரை, முள்ளங்கிக்குக் "புண்ட்" என்று கட்டின் விலையா, ஸ்ட்ராபெர்ரிக்கு "ஷாலெ" என்று ஒரு சிறு பெட்டியின் விலையா. லெட்யூஸ் "கோப்ஃப்" கணக்கில், அதாவது தலை கணக்கில். வயதானவர்கள் "ஐன் ப்ஃபுண்ட்" என்று கேட்பார்கள். அது இங்கே சரியாக 500 கிராம், ஆங்கிலேயர் பவுண்டு இல்லை. ஒன்றரைக்கு "அண்டர்ட்ஹால்ப்" என்று தனிச்சொல் இருக்கிறது, நமக்கு ஒன்றரை பழக்கம் என்பதால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

சீஸ் விற்கும் மேசையில் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு எழுதியிருக்கும். 2,40 என்று பார்த்து மலிவு என்று நினைத்துவிடக்கூடாது, கிலோ 24 யூரோ. நீங்கள் நூறு கிராம் கேட்பீர்கள். அந்த அம்மா கத்தியை வைத்து வெட்டித் தராசில் போடுவார், 112 காட்டும். உடனே உங்களைப் பார்த்து "டார்ஃப்ஸ் ஐன் பிஸ்ஷென் மேயர் ஸைன்?" என்பார். கொஞ்சம் கூடுதலாக இருக்கலாமா என்கிறார். பரவாயில்லை என்றால் "யா, கெர்ன்". வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லலாம், ஒரு துண்டைக் குறைத்துவிடுவார். அடுத்து "ஸோன்ஸ்ட் நோஹ் எட்வாஸ்?" என்று கேட்பார், வேறு ஏதாவது வேண்டுமா என்று. "டாஸ் வேர்ஸ்" என்றால் அவ்வளவுதான். நீங்கள் அதைச் சொன்ன பிறகுதான் விலையே வரும். சொல்லாமல் பணப்பையைத் திறந்துகொண்டு நின்றால் அவரும் காத்துக்கொண்டே நிற்பார்.

ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை ஷ்பார்கல் காலம், வெள்ளை அஸ்பாரகஸ். இந்த ஊர்க்காரர்கள் விலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் ஒரே காய் அதுதான். "இந்த வாரம் கிலோ எவ்வளவு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டாலே அரைமணி நேரம் ஜெர்மன் பேசிப் பழகலாம்.

கணக்குக் கூட்டும்போது சில வியாபாரிகள் "நாஹ் ஆடம் ரீஸெ" என்று சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்வார்கள். ஆடம் ரீஸெ கணக்குப்படி என்று பொருள், கணக்கு சரிதான் என்று அழுத்திச் சொல்வது. ஆடம் ரீஸ் உண்மையான ஆள், 1559இல் இறந்தார், எங்கள் சாக்சனி மாநிலத்தின் ஆன்னபர்க்கில் வாழ்ந்தவர். லத்தீனில் எழுதாமல் சாதாரண மக்கள் படிக்கிற ஜெர்மனில் கணக்குப் புத்தகம் எழுதியவர். தானியம் விலை ஏறினால் ஒரு காசு ரொட்டி எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று அந்த ஊருக்காக 1530களில் அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறார். ரொட்டி விலை மாறாது, எடைதான் குறையும், அதில் மக்கள் ஏமாறக்கூடாது என்று செய்த வேலை. ஐந்நூறு வருடம் ஆகியும் சந்தையில் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

---

நெக்கார்க்கரை

வாணி சொன்ன எடை விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. கடை அலமாரியில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் "க்ருண்ட்ப்ரைஸ்" இருக்கும், கிலோவுக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்று. பொட்டலம் சிறுத்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். முன்பு சில பொருளுக்கு 100 கிராம் கணக்கில் போட்டுக் குழப்புவார்கள், 2022 மே மாத இறுதியிலிருந்து பொட்டலப் பொருளுக்குக் கிலோ, லிட்டர் கணக்கில்தான் போட வேண்டும். நிறுத்துத் தரும் பொருளுக்கு மட்டும் 100 கிராம் கணக்கு இன்னும் அனுமதி, அதனால்தான் சீஸ் மேசையில் அப்படி.

போட்டிருக்கும் விலையில் வரியும் அடங்கிவிடும். உணவுப் பொருளுக்குப் பெரும்பாலும் 7 சதவீதம், மற்றதுக்கு 19. மேலே ஒன்றும் சேராது, ப்ஃபாண்ட் தவிர, அதாவது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை.

---

இசார்குமரன்

சந்தைக்குத் திரை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தொலைபேசியிலும் இல்லை. குழாய் சரிசெய்பவரிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் அவர் வாயால் சொல்வதுதான். மாதச் சாமானுக்கு மட்டும் என் கருத்து அதேதான்.

கார் வைத்திருப்பவர்களுக்கு: பெட்ரோல் நிலையத்தில் விலை மூன்று தசமத்தில் இருக்கும், கடைசி 9 சிறிதாக மேலே தூக்கி எழுதியிருக்கும். 1,749 என்றால் வாயால் சொல்லும்போது "ஐன்ஸ் ஃபியர்-உண்ட்-ஸீப்ட்ஸிஷ்" என்று நிறுத்திவிடுவார்கள், அந்த 9ஐப் பெரும்பாலும் சொல்வதில்லை.

---

மல்லிகைப்பந்தல்

பேரம் பேசலாமா அங்கே? விலை அதிகம் என்று சொல்வது மரியாதைக் குறைவா?

---

ஆஹன்மாணவன்

கடையில் பேரம் கிடையாது. ஃப்ளோமார்க்ட் என்கிற பழைய பொருள் சந்தையிலும், இணையத்தில் பழைய பொருள் வாங்கும்போதும் தாராளமாகப் பேசலாம். நான் கட்டில், மேசை, சைக்கிள் எல்லாம் அப்படித்தான் வாங்கினேன்.

விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் "ஃபௌ பே" என்று இரண்டு எழுத்து இருந்தால் பேசிக் குறைக்கலாம் என்று பொருள். "ஃபெஸ்ட்ப்ரைஸ்" என்றால் கறார் விலை. "ட்ஸு ஃபெர்ஷெங்கன்" என்றால் சும்மா தருகிறார்கள், போய் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வணக்கம்கூடச் சொல்லாமல் "வாஸ் லெட்ஸ்டெ ப்ரைஸ்" என்று அனுப்பினால் பலர் பதிலே போட மாட்டார்கள். கடைசி விலை என்ன என்று கேட்கும் இந்த அரைகுறை வாக்கியம் அவர்களுக்கு எரிச்சலூட்டும். "இஸ்ட் ஆம் ப்ரைஸ் நோஹ் எட்வாஸ் ட்ஸு மஹன்?" என்று கேளுங்கள், விலையில் ஏதாவது பார்க்க முடியுமா என்று. நேரில் என்றால் "வ்யூர்டன் ஸீ அவுஹ் ஃபியர்ட்ஸிஷ் நேமன்?", நாற்பதுக்குத் தருவீர்களா என்று தொகையோடு கேட்பது இன்னும் நல்லது. அவர் "ஃப்யூன்ஃப்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்" என்று 45 சொல்வார், முடிந்தது.

விலை அதிகம் என்று சொல்ல "டாஸ் இஸ்ட் மியர் ட்ஸு டொயர்" சொல்லலாம். எனக்கு அது கட்டாது என்கிற தொனி அதில் வந்துவிடும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

வீடு தேடும்போதும் இது வேண்டும். "கால்ட்மீட்டெ" வெறும் வாடகை. அதோடு தண்ணீர், சூடேற்றுவது போன்ற கூடுதல் செலவான "நேபன்கோஸ்டன்" சேர்ந்தால்தான் "வார்ம்மீட்டெ". தொலைபேசியில் ஒரு தொகை சொன்னால் "கால்ட் ஓடர் வார்ம்?" என்று உடனே கேட்டுவிடுங்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, அதையும் மூன்று தவணையாகத் தரலாம்.

---

ஊரெழுக்காரி

மலிவு என்று சொல்லும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஒருவர் வாங்கிய சட்டையைப் பார்த்து "பில்லிஷ்" என்றால் தரம் குறைந்தது என்றும் அவருக்குப் படும். "கியுன்ஸ்டிஷ்" என்று சொன்னால் நல்ல விலைக்கு வாங்கினீர் என்று சந்தோசப்படுவார்.

உணவகத்தில் பில் வரும்போது முதலில் "ட்ஸுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?" என்று கேட்பார்கள், சேர்த்தா தனித்தனியா என்று. பிறகு தொகை. 27,40 என்று வையுங்கோ. முப்பதைக் கொடுத்து மிச்சம் வேண்டாம் என்றால் "ஷ்டிம்ட் ஸோ". ஐம்பது தாள்தான் இருக்கிறது என்றால் கொடுக்கும்போதே "ட்ரைஸிஷ்" என்று சொல்ல வேண்டும், இருபது திரும்ப வரும். காசை நீட்டும்போது "டாங்கெ" சொல்ல வேண்டாம். மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர் என்று எடுத்துவிடுவார்கள். "பிட்டெ" சொல்லும். மிச்சக் காசு கைக்கு வந்த பிறகு "டாங்கெ".

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வந்தால் கடைத்தெருவில் நின்று கேட்டுப் பாரும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் முழுக்கத் தமிழில் கதைத்துவிட்டு விலையை மட்டும் ஜெர்மனில் சொல்லுவார்கள். உமக்கு நல்ல பயிற்சி.

---

மல்லிகைப்பந்தல்

கண்டிப்பாக வருகிறேன் அக்கா.

ஐயா சொன்னபடி பதிவு செய்ய, கடைகளின் வாராந்திர விளம்பரத்தாளை இணையத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். தண்ணீர்ப் பாட்டில் விலைக்குக் கீழே ப்ஃபாண்ட் தனி என்று போட்டிருக்கிறதே, விலை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வார்களா? அடுத்து, நான் படித்தது சரியா பாருங்கள்:

2,49 – ட்ஸ்வை நொய்ன்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்
0,89 – நொய்ன்-உண்ட்-ஆஹ்ட்ஸிஷ் ஸென்ட்
1,69 – ஐன்ஸ் நொய்ன்-உண்ட்-ஸெக்ஸ்ட்ஸிஷ்
17,95 – ஸீப்ட்ஸேன் ஃப்யூன்ஃப்-உண்ட்-நொய்ன்ட்ஸிஷ்

---

நெக்கார்க்கரை

பாட்டிலின் விலையைக் கேட்டால் ப்ஃபாண்ட் இல்லாத விலையைத்தான் சொல்வார்கள். கல்லாவில் மொத்தத் தொகை சொல்லும்போது அது சேர்ந்திருக்கும், ரசீதில் தனி வரியாகத் தெரியும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 ஸென்ட். திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பொதுவாக 15, சாதாரண பீர் பாட்டிலுக்கு 8. பெட்டியோடு எடுத்தால் பெட்டிக்கு 1,50, அதனால் இருபது பீர் பாட்டில் கொண்ட பெட்டிக்கு 3,10 கூடும். பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் பாலுக்கும் 2024 ஜனவரியிலிருந்து உண்டு. பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள்.

---

உப்பிலிபாளையம்

மூன்றும் சரி. 1,69 மட்டும் திருத்துங்கள்: 60 "ஸெக்ஸ்ட்ஸிஷ்" இல்லை, "ஸெஷ்ட்ஸிஷ்". ஆறில் இருக்கும் கடைசி "ஸ்" 16இலும் 60இலும் விழுந்துவிடும். ஏழுக்கும் இப்படித்தான் கடைசி அசை போய் "ஸீப்ட்ஸேன்", "ஸீப்ட்ஸிஷ்" ஆகிறது, அதைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கையும் யூரோ சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை பதிவு செய்துவிட்டு, நாளை கேட்டு எழுதியதை இங்கேயே போடுங்கள், பார்த்துவிடுகிறேன்.